அரை மணி முந்திய கோப்பு

என் தொழில் இன்னதென்று தெரிந்திருந்தால் எனக்கு யாரும் பெண் கொடுத்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, கல்யாணம் முடிந்த பிறகுதான் இதில் வந்து மாட்டினேன். ஒருவர் தன் கணினியில் ஒரு நிரல் எழுதுவார். அங்கே அது சமர்த்தாக ஓடும். அதையே இன்னொரு கணினிக்குக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யுனிக்ஸ் குடும்பத்தில் லினக்ஸ், பிஎஸ்டி, சோலாரிஸ் என்று பங்காளிகள் பலர். சாடை ஒன்று, பழக்கவழக்கம் வேறு. ஒரு வீட்டில் சமையல்கட்டு இருக்கிற இடத்தில் இன்னொரு வீட்டில் மாட்டுக்கொட்டகை இருக்கும். தெரியாமல் போய் நின்றால் திரை முழுக்க எரர் வந்து விழும். அதைப் படித்து, காரணம் கண்டுபிடித்து, எல்லா வீட்டிலும் அந்த நிரல் ஒழுங்காக பில்டு ஆகும்படி, அதாவது எழுதியதிலிருந்து ஓடுகிற நிரல் உருவாகும்படி, செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அருப்புக்கோட்டையில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து வருஷக்கணக்காக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நான் வேலை தேடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைக்கிறார்.

இதே வேலையைச் செய்கிற ஒருவன் இந்த வட்டாரத்தில் எனக்குத் துணையாக இருந்தான். திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற ரோட்டில் அவன் கிராமம். முன்னால் குடும்பத்தின் பலசரக்குக் கடை. கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சரக்கு அறை. அந்த அறையில் வத்தல் மூட்டைக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவே மூன்று பழைய கணினிகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். ஒன்றில் லினக்ஸ், மற்ற இரண்டில் பிஎஸ்டியில் இரண்டு வகை. வெளியூர்க் காற்று பட்டால் கெட்டுப்போகும் என்று மூன்றையும் இணையத்தோடு சேர்க்கவே மாட்டான். நான் அங்கே போனால் தும்மியே பாதி நேரம் போய்விடும். அவனுக்கு ஒரு தும்மல் வராது.

அவன் டைப்படிப்பது ஒரு தினுசு. நாலு தட்டு வேகமாக, ஒரு நிறுத்தம், பிறகு ரெண்டு தட்டு. பழைய காலத்துக் கனத்த கீபோர்டு வேறு. போனில் பேசும்போது அந்தச் சத்தம்தான் முன்னால் கேட்கும், அவன் குரல் பின்னால் வரும். கடையில் உப்பு வாங்க வருகிறவர்களுக்கும் அந்தச் சத்தம் பழகியிருந்தது. அது கேட்டால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் அந்த மேசையிலேயே தலையைச் சாய்த்து இறந்துபோனான். ஐம்பதுகூட ஆகவில்லை. நெஞ்சுவலி.

அன்றைக்கு அவன் அம்மா நரிக்குடியில் மகள் வீட்டில் இருந்தார். அவன் மனைவி ஒரு சான்றிதழ் விஷயமாகத் திருச்சுழி தாலுகா ஆபீஸுக்குப் போயிருந்தார். பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வருகிற பஸ்ஸில் வந்து இறங்கி, சாத்திக் கிடந்த கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் டைப்படிக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. வேலையில் இருக்கும்போது கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வரும். அதனால் உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றிருக்கிறது. முடித்துவிட்டார், இனி சாப்பிட வருவார் என்று நினைத்திருக்கிறார். யாரோ சரக்கு வாங்க வந்தார்கள், போனார்கள். ஒன்றரைக்குச் சோற்றுத் தட்டோடு உள்ளே போனவர் கண்டது அதை. பார்க்க வந்த டாக்டர், இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், கூடவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சொந்தக்காரர்கள் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் அம்மா எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தார்.

“பஸ்ஸ விட்டு எறங்குனவ ஒரு எட்டு உள்ள எட்டிப் பாத்திருந்தா எம்பிள்ள பொழச்சிருப்பான். ஒரு மணி நேரம் கடையில உக்காந்திருந்திருக்கா.”

அவன் மனைவி சொன்னார். “உள்ள டைப்படிக்கிற சத்தம் கேட்டுச்சு அத்தை. அவுக நல்லாத்தான் இருக்காகன்னு இருந்துட்டேன். அப்புறந்தான் நின்னுச்சு.”

“செத்தவனா டைப்படிச்சான்?” என்றார் அம்மா.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து சரக்கு அறைக்குப் போய் லினக்ஸ் கணினியைப் போட்டேன். அவன் கடைசியாகச் சேமித்த கோப்பைத் தேடினேன். அன்றைய தேதி, நேரம் பன்னிரண்டு நாற்பது. வெளியே வந்து பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன். “பன்னண்டு நாப்பது வரைக்கும் வேலை பாத்திருக்கான். மிஷின்லயே இருக்கு. தங்கச்சி சொல்றது நெசந்தான்.”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அவன் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த நன்றியை நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். பெரிய மனுஷக் காரியம் ஒன்றைச் செய்துவிட்ட திருப்தி.

ஆடியில் அவர் போன் செய்தார். “அவுக ஆரம்பிச்சது பாதியில கெடக்குதுண்ணே. நீங்க வந்து முடிச்சுக் குடுங்க” என்றார். வேலை, மழை அளக்கிற கருவிகள் தருகிற கணக்கைப் படிக்கும் ஒரு நிரல். மழையே எட்டிப் பார்க்காத ஊரில் உட்கார்ந்து அதைச் செய்வதைப் பற்றி நானும் அவனும் சிரித்திருக்கிறோம். மூன்று கணினிகளில் பில்டு ஆகிவிட்டது. நான்காவதாக சோலாரிஸ் வம்சத்து இயங்குதளம் ஒன்றிலும் ஆக வேண்டும். அதற்கென்று மதுரையில் ஒரு பழைய கணினியை வாங்கிக் கடைசி நாள் காலையில்தான் அவன் பொருத்தியிருந்தான்.

வாரத்தில் மூன்று நாள் காலை பஸ்ஸில் போனேன். ஆடிக் காற்று கருவேலங்காட்டுப் புழுதியை அள்ளி ஜன்னல் வழியே கீபோர்டில் கொட்டும். உச்சி நேரத்தில் ரோட்டில் ஒரு ஆள் இருக்காது. கண்மாய்க்கரைப் பக்கம் அந்நேரம் போகக் கூடாது என்று அந்த ஊரில் இப்போதும் சொல்கிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த அறையில் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அவன் மனைவி வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை. காபியைப் படியில் வைத்துவிட்டு, “இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதைவிட நிரலுக்குள் அவன் எழுதி வைத்திருந்த குறிப்புகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. நான்காவது கணினியில் முதல் எரரே, ஒரு கட்டளைக் கோப்பு தன்னை ஓட்டவேண்டிய நிரலை லினக்ஸில் இருக்கும் இடத்தில் தேடிக் காணாமல் நின்றது. அந்த வரியைத் திறந்தால் மேலேயே தமிழில் ஒரு குறிப்பு இருந்தது. “ஏலே, இங்கதான் முழிப்ப. எடத்த மாத்து.” இன்னொரு நாள், நிரல் துணைக்குச் சேர்த்துக்கொள்ளும் ஒரு தலைப்புக் கோப்பு இல்லை என்று வந்தது. தேடிப் போனால், “இது லினக்ஸ்ல மட்டுந்தான். மத்தவுகளுக்கு வேற பேரு” என்று எழுதியிருந்தான். அவனும் நானும் மாறிமாறி ஒரே நிரலைப் பார்ப்பது வழக்கம். எனக்காகத்தான் எழுதியிருப்பான். ஆனால் எரர் வந்து நான் திகைத்து நிற்கிற அந்த நிமிஷத்தில், இறந்தவன் அதே இடத்தில் முன்கூட்டி வந்து காத்திருப்பது நல்லதாகப் படவில்லை. ஒருமுறை திரும்பிப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடைசி எரர் மட்டும் மிச்சம். அதுவரை நான்காவது கணினியிலேயே திருத்திவந்தவன், அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் லினக்ஸ் கணினிக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு வரியைத் திருத்திச் சேமித்து, மொத்தத்தையும் பென் டிரைவில் எடுத்து, நான்காவது கணினியில் போட்டு பில்டைத் தட்டிவிட்டேன். அப்போது பன்னிரண்டு தாண்டியிருந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

நாலு தட்டு வேகமாக. ஒரு நிறுத்தம். பிறகு ரெண்டு தட்டு.

என் கை மடியில்தான் இருந்தது. கனத்த கீபோர்டு என் முன்னால் சும்மா கிடந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவன் கைதான் அது. போனில் எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். எழுந்து வெளியே போய்விடலாம் என்று தோன்றியது.

பிறகுதான் அது மேசைக்குக் கீழேயிருந்து வருவதை உணர்ந்தேன். நான்காவது கணினியின் பழைய ஹார்டு டிஸ்க். பில்டு தொடங்கும்போது சின்னச் சின்னக் கோப்புகளாக நூற்றுக்கணக்கில் எழுதி அழிக்கும். அதன் ஊசி அங்கும் இங்கும் ஓடுகிற சத்தம். புது டிஸ்க்கில் இது கேட்கவே கேட்காது. இத்தனை நாளும் எரர் வந்து சீக்கிரமே நின்றுவிட்டதால் எனக்கும் பிடிபடவில்லை. சிரிக்க முயன்றேன். ஆனால் சத்தம் ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டும். முடியவில்லை. அதே வேலை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் திரையில் ஒரே எச்சரிக்கை வந்தது. இந்தக் கோப்பு எதிர்காலத்தில் திருத்தப்பட்டிருக்கிறது என்றது. இன்னும் எத்தனை நொடி கழித்து என்பதையும் சொன்னது. ஆயிரத்து எழுநூறு. அடுத்த சுற்றில் அதைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது.

லினக்ஸ் கணினியிடம் மணி கேட்டேன். அது சொன்ன நேரம் என் போனைவிட அரை மணி முந்தியிருந்தது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரமும் அதையேதான் காட்டியது. அந்த ரோட்டில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அதனால் அந்த வீட்டில் எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முந்தித்தான் வைத்திருப்பார்கள். பார்க்கிறவர்கள் மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். இவன் கணினிகளை நிறுவும்போது நேரம் கேட்டிருக்கிறது. சுவரைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறான். நம் ஊர்க்காரன் கழித்துக்கொள்வான், கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மூன்றும் ஒன்றுபோல முந்தி ஓடியதால் இத்தனை வருஷமும் வம்பில்லை. நான்காவதை மட்டும் இணையத்தோடு சேர்த்து நிறுவியிருந்தான். அதன் நேரம் சரியாக இருந்தது.

பில்டுக்கு ஒரே ஒரு விதிதான். மூலக் கோப்பு, அதிலிருந்து செய்ததைவிடப் புதிதாக இருந்தால், மறுபடி செய்ய வேண்டும். அரை மணி கழித்துத் திருத்தப்பட்டதாகச் சொல்கிற கோப்பு எப்போதும் புதிதுதான். அதனால் செய்யும், பழசு என்று நினைக்கும், மறுபடி செய்யும். உண்மையான நேரம் வந்து அந்தக் கோப்பைத் தொடுகிற வரைக்கும், அதாவது அரை மணி நேரத்துக்கு, நிற்காது.

இது புரிந்த அடுத்த நொடியே இன்னொன்றும் புரிந்தது. பில்டை ஓடவிட்டு, அந்தக் கணினியிலேயே மாசி மாதம் அவன் கடைசி நாள் ஓட்டிய பில்டின் பதிவைத் திறந்தேன். பில்டைத் தட்டிவிட்ட நேரம் பன்னிரண்டு பத்து. அதே வேலை, அதே வேலை என்று பக்கம் பக்கமாக ஓடி, கடைசியில் எரரில் நின்ற நேரம் பன்னிரண்டு நாற்பது. அதற்குப் பிறகு யாரும் எதையும் தொடவில்லை. லினக்ஸ் கணினியில் நான் பார்த்த பன்னிரண்டு நாற்பதும் நிஜத்தில் பன்னிரண்டு பத்துதான். அவன் கோப்பைச் சேமித்து, இங்கே கொண்டுவந்து, பில்டைத் தட்டிவிட்டதோடு சரி.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு பஸ்ஸை விட்டு இறங்கியவர் கேட்டது இந்த டிஸ்க்கின் சத்தத்தை.

வாசலில் நிழல் தட்டியது. அவன் மனைவி நின்றுகொண்டிருந்தார். கையில் காபி இல்லை. முதலில் மேசையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

“நீங்க டைப்படிக்கலையாண்ணே?”

“இல்லம்மா.”

“அப்ப?”

“கீழ டிஸ்க்கு ஓடுது. அதோட சத்தம்.”

கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். முகம் வெளிறிக்கொண்டே வந்தது. “அன்னைக்கும் இதேதானா?”

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவனும் பக்கத்துக் கணினியில் டைப்படித்துக்கொண்டுதான் இருந்தான் என்று சொல்லியிருக்கலாம். மறுக்க யாராலும் முடியாது. ஏற்கனவே ஒருமுறை இந்த வீட்டில் நின்று தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னவன் நான். இரண்டாவது தடவை வாய் வரவில்லை.

“ஆமாம்மா. நான் அன்னைக்குச் சொன்ன நேரம் தப்பு. இந்த மிஷினெல்லாம் உங்க வீட்டுக் கடிகாரம் மாதிரி முந்தி ஓடுது. அத நான் பாக்கல. பன்னண்டு பத்துக்கு இதத் தட்டிவிட்டிருக்கான். அதுக்கப்புறம் அவன் கை எதுலயும் பட்ட மாதிரி இல்ல.”

“நான் எறங்குனது பன்னண்டு இருவத்தஞ்சு.”

“ஆமா.”

“அப்ப அத்தை சொன்னதுதான் சரி.”

“அப்படி இல்லம்மா. தட்டுன ஒடனே போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்” என்று ஏதேதோ சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. அழவும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அந்தப் படியைத் தாண்டி உள்ளே வந்து, மல்லி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“இன்னும் எம்புட்டு நேரம் ஓடும்?”

திரையைப் பார்த்தேன். “பதினெட்டு நிமிஷம். நிப்பாட்டிரட்டுமா?”

“வேணாம். ஓடட்டும். அன்னைக்குத்தான் இல்லாமப் போனேன்.”

இருவரும் உட்கார்ந்திருந்தோம். நாலு தட்டு, ஒரு நிறுத்தம், ரெண்டு தட்டு. கூர்ந்து கேட்டால் அவனுடையதுபோல இல்லை என்று தோன்றும். கவனம் கொஞ்சம் நழுவினால் அவனேதான். திரையில் நொடிகள் ஐந்நூறு, முந்நூறு, எண்பது என்று இறங்கின. கடைசிச் சுற்றில் எச்சரிக்கை வரவில்லை. பில்டு தடங்கலில்லாமல் கீழே இறங்கி ஓடி முடிந்தது. எரர் ஒன்றுகூட இல்லை. டிஸ்க் அடங்கியது. வெளியே காற்று மட்டும் கேட்டது.

அவர் எழுந்தார். “அத்தைகிட்டச் சொல்லிர்றேன்.”

“எதுக்கும்மா? அவுகதான் அந்தப் பேச்ச விட்டுட்டாகளே.”

“விடலண்ணே. நீங்க சொன்னதுக்காக வாய மூடிக்கிட்டாக. பொய்யினு தெரிஞ்சப்புறம் நான் எப்படி அவுகளுக்குச் சோறு போடுவேன்?”

தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவர் பின்னாலேயே போனேன்.

அவன் அம்மா கடைக்குள் பின்சுவரை ஒட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுளகு. அதில் பாதி புடைத்த உளுந்து அப்படியே கிடந்தது. தலை சுவரில் சாய்ந்திருந்தது. மருமகள் வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

“நின்னுருச்சே” என்றார். எங்களைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. “இம்புட்டு நேரமும் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அவன் கைதான். அவன் போயிட்டான்னு தெரியும். இந்தத் தம்பிதான் உள்ள இருக்குன்னும் தெரியும். தெரிஞ்சும் எந்திரிச்சு வந்து பாக்க மனசு வரல. எம்பிள்ள வேலை பாக்குறான், பாக்கட்டும்னு உக்காந்துட்டேன்.”

பன்னிரண்டு பத்து, பன்னிரண்டு இருபத்தைந்து என்று எல்லாவற்றையும் சொல்லத்தான் அவன் மனைவி வந்தார். கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்.

“எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் அத்தை இருந்துச்சு.”

அம்மா தலையை நிமிர்த்தி மருமகளைப் பார்த்தார்.

“இருந்திருக்கும் தாயி” என்றார்.